மச்சான் பிடித்த கயிறு

இப்போது நிற்கிற இடத்திலிருந்து கடல் நாலு பனைத் தூரம் தள்ளி நின்ற காலம் அது. முத்துக்கரை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே ஆண்களெல்லாம் முத்துக் குளிப்பவர்கள். மூழ்குகிறவன் தன் கயிற்றின் மறுமுனையை யாரிடம் கொடுப்பான் தெரியுமா? அப்பனிடம் இல்லை, கூடப்பிறந்தவனிடமும் இல்லை. பெண்டாட்டியின் அண்ணனிடம்தான் கொடுப்பான். எந்த அண்ணனாவது தங்கச்சி தாலி அறுக்கச் சம்மதிப்பானா?

அந்த வழக்கப்படி ஒருநாள் தொம்மை மூழ்கினான். அவன் மச்சான் கஸ்பார் தோணியில் உட்கார்ந்து கயிறு பிடித்தான். கயிறு பிடிப்பவனுக்கு ஒரே சட்டம்தான். கீழேயிருந்து சுண்டினால் அந்த நொடியே இழுக்க வேண்டும். கஸ்பார் என்ன செய்தான்? கயிற்றைத் தோணி விளிம்பில் மாட்டிவிட்டு, முந்தின முழுக்கில் தொம்மை கொண்டுவந்த சிப்பி ஒன்றைப் பிளந்தான். உள்ளே புறா முட்டை பருமனில் ஒரு முத்து! அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கயிறு ஒருமுறை சுண்டியது, கவனிக்கவில்லை. இரண்டாம் முறையும் கவனிக்கவில்லை. மூன்றாம் முறை பதறிப்போய் இழுத்தான். வெறும் கயிறுதான் வந்தது.

கரையில் தங்கச்சி செசிலியாள் காத்திருந்தாள்.

"அண்ணே, அவரு எங்கே?"

உண்மை தொண்டைவரை வந்தது. கோழைப்பயல், விழுங்கிவிட்டான்.

"சீமைக்கப்பல் ஒண்ணு வந்துச்சு தங்கச்சி. மாப்பிள்ளை அதுல ஏறிப் போயிட்டாரு. கட்டாயம் வந்துருவேன்னு சொல்லச் சொன்னாரு."

பாவம், அவள் நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? தினமும் வந்து, "என்ன சொல்லிட்டுப் போனாரு அண்ணே, இன்னொரு தடவை சொல்லேன்" என்று கேட்டாள். கஸ்பாருக்குச் சோறு இறங்கவில்லை. உப்பளத்தில் குடியிருந்த மாயாவியிடம் ஓடினான்.

"என்னை யாரும் கேள்வி கேக்கக் கூடாது!"

"அவ்வளவுதானே? முத்தைக் கொடு" என்றான் மாயாவி. வாங்கி விழுங்கினான். கஸ்பாரின் முகத்தில் ஒரு ஊது ஊதினான்.

கஸ்பார் தெருவுக்குத் திரும்பினான். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? அவன் யார் கண்ணுக்கும் தெரியவில்லை, யார் காதுக்கும் கேட்கவில்லை. கத்தினான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் பலகாரத் தட்டு வீடு வீடாகப் போகும், அவன் வீட்டை மட்டும் தாண்டிப் போகும். பேச ஆளில்லாமல் சோற்றுச்சட்டியோடு பேசினான். இப்படி ஏழு வருஷம். தனிமை அவனை அரித்துத் தின்றுவிட்டது.

'செய்த பாவத்துக்குப் பாடுபட்டால் ஆண்டவர் இந்தச் சாபத்தை எடுத்துவிடுவார்' என்று நினைத்தான். கோயில் சுவருக்கு நூறு கல் சுமந்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தவக்காலம் நாற்பது நாளும் பட்டினி கிடந்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடலிலிருந்து கோயில் பீடம்வரை முட்டியாலேயே நடந்தான். ஊஹூம், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் விழுந்து அழுதவனை ஓர் ஆமை எட்டிப் பார்த்தது. "என்னப்பா, முட்டியெல்லாம் ரத்தம்?"

கஸ்பார் துள்ளி எழுந்தான். "நான் உனக்குத் தெரியுறேனா?"

"நீ கயிறு பிடிச்ச அன்னிக்கு நான் அடியில இருந்தேன். எங்கிட்ட மறைக்க உனக்கு என்ன இருக்கு? அதான் தெரியுற."

"இவ்வளவு பாடுபட்டும் ஆண்டவர் இரங்கலையே!"

"அவரு எப்பவோ இரங்கிட்டாரு. உன் தங்கச்சி இன்னைக்கும் ரெண்டு பேருக்கு உலை வைக்கிறா. நீ கல்லு சுமந்ததுல அவளுக்கு என்ன ஆச்சு?"

கஸ்பாருக்குச் சுருக்கென்றது. ஏழு வருஷமாகத் தன் சாபத்தையே நினைத்து அழுதவன், அவள் வைக்கும் உலையை ஒருநாளும் நினைக்கவில்லை.

"சொன்னா என்னைக் கொன்னே போடுவா."

"போடட்டும். போறியா, இல்ல இன்னும் நாலு கல்லு தூக்கப் போறியா?"

கஸ்பார் போனான். செசிலியாள் இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. அவன் வாசலில் நின்றான்.

"தங்கச்சி, மாப்பிள்ளை கப்பல் ஏறல."

அவள் குழம்பு ஊற்றினாள். அவளுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் அவன் நிறுத்தவில்லை.

"கயிறு சுண்டுச்சு. நான் முத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். மாப்பிள்ளையைச் சாகக் கொடுத்தது நான்தான். உங்கிட்ட சொன்னது பூராவும் பொய்."

அகப்பை கீழே விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அடப்பாவி கஸ்பாரு!"

அகப்பையை எடுத்து விளாசினாள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். தெருவே கூடி அவனைப் பார்த்தது. அந்த நேரத்தில் உப்பளத்து மாயாவியின் வயிறு வெடித்தது என்பார்கள், நான் பார்க்கவில்லை. கஸ்பார் அடியை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். ஏழு வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி அவன் பெயரைச் சொல்கிறாள், அது திட்டாக இருந்தாலும் போதும் என்றிருந்தது.

அடித்து ஓய்ந்த செசிலியாள் தரையில் உட்கார்ந்து புருஷனுக்காக ஒப்பாரி வைத்து அழுதாள். கூட்டம் கலைந்தது. அவள் எழுந்து சிலுவைக்கு முன்னால் முட்டி போட்டாள்.

"ஏழு வருஷமா அவரு ஆத்துமாவுக்கு ஒரு செபம் சொல்லல. உசுரோட இருக்காருன்னுல்ல இருந்தேன்."

செபத்தை ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்து நின்றுபோனது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடியும் நின்றுபோனது. வாசலில் நின்றவன் உள்ளே வரத் துணியவில்லை.

"அங்க என்ன நிக்கிற அண்ணே?" என்றாள் அவள். "எனக்குச் சொல்ல வரல. வந்து பக்கத்துல முட்டி போடு. மீதியை நீ சொல்லு."

கஸ்பார் உள்ளே போய் முட்டி போட்டான். மீதியைச் சொல்லி முடித்தான். "ஆமென்" என்று பக்கத்திலிருந்து தங்கச்சியின் குரல் கேட்டது.