பானை மூடிய ராஜா

கேளுங்கள் பெரியவர்களே, கேளுங்கள் பொடிசுகளே. நடுவில் சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்ளுங்கள். இது ஒரு ராஜாவைப் பற்றிய கதை.

ஏரிகளெல்லாம் கரை ததும்பக் கிடந்த காலத்தில், கோடையிடி வழுதி என்று ஒரு ராஜா இருந்தார். அவர் புலியை வென்றவர், யானையை வென்றவர், பக்கத்து நாட்டு ராஜாவைச் சொக்கட்டானில் வென்றவர். ஆனால் ஒரு காட்டு வாத்தைக்கூடத் தன் கையால் பிடித்ததில்லை. பக்கத்து நாட்டு ராஜா பிடித்திருக்கிறார். பிடித்ததைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வேறு திரிகிறார். நம் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாட்டின் கடைக்கோடியில் தாமரைப்பாடி என்று ஓர் ஊர். ஊருக்கு ஓர் ஏரி. அந்த ஒரே தண்ணீரில்தான் ஊரின் நெல் விளைந்தது, மாடு குளித்தது, மனிதர்கள் குடித்தார்கள். மார்கழி பிறந்தால் எங்கிருந்தோ காட்டு வாத்துகள் வந்து இறங்கும். அவற்றைப் பிடிக்க வெளியூர்க்காரர்களும் வந்து இறங்குவார்கள். அவர்களைத் தண்ணீருக்குள் கூட்டிப்போய், வேட்டை காட்டி, மூழ்காமல் திருப்பிக் கொண்டுவந்து விடுவது சடைச்சி என்பவளின் வேலை. மற்ற மாதங்களில் அவள் மதகு திறப்பாள், கோரை அறுப்பாள், கரையில் நண்டு போட்ட வளைகளை அடைப்பாள். வாய் மட்டும் எல்லா மாதமும் வேலை செய்யும்.

அவளிடம் வில் கிடையாது, வலை கிடையாது. பழைய மண்பானைகளை ஏரியில் மிதக்க விடுவாள். முதலில் வாத்துகள் மிரளும். பிறகு முறைக்கும். பிறகு பானைமேலேயே ஏறி உட்கார்ந்து இறகு கோதும். அதற்கப்புறம் வேட்டைக்கு வந்தவர், கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மெல்ல நடக்க வேண்டும். வாத்துக்குப் பானைதான் தெரியும், ஆள் தெரியாது. தண்ணீருக்கடியில் கையை நீட்டிக் காலைப் பிடிக்க வேண்டியதுதான்.

ராஜா வந்தார். ராஜா என்றால் சும்மா வருவாரா? யானை வந்தது, முரசு வந்தது, அமைச்சர் வந்தார். எல்லோருக்கும் முன்னால் கட்டியக்காரன் வந்தான். கரையில் நின்று, "புலிப்படை புறங்கண்ட... பராக்! மலைகள் மண்டியிட்ட... பராக்!" என்று ஆரம்பித்தான். அவன் பாதிப் பட்டங்களைச் சொல்வதற்குள் ஏரியில் ஒரு வாத்து இல்லை. ஓர் ஆமை மட்டும் மிஞ்சியது. அதற்குக் காது கேட்காது போலிருக்கிறது.

"சாமி, வாத்துப் புடிக்க வந்தீங்களா, வாத்துக்குப் பட்டாபிசேகம் பண்ண வந்தீங்களா?" என்றாள் சடைச்சி.

மறுநாள் ராஜா பானைக்குச் சம்மதித்தார். அமைச்சர்தான் சம்மதிக்கவில்லை. "மகாராஜாவின் சிரசு மண்பானைக்குள்ளா?" என்று பதறி, தங்கத்தில் ஒரு பானை வார்க்கச் சொன்னார். குடை பிடிப்பவனுக்கு வெள்ளிப் பானை, விசிறுபவனுக்குப் பித்தளைப் பானை, கட்டியக்காரனுக்குச் செம்புப் பானை. கழுத்தளவு தண்ணீரில் பளபளவென்று நான்கு பானைகள் போயின. மேலே ஒரு வெண்கொற்றக்குடையும் போயிற்று. கட்டியக்காரன் ராஜாவுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லத்தான் பட்டம் சொன்னான். செம்புப் பானைக்குள் அது இடிபோல முழங்கியது. வாத்துகள் எழுந்து நேராகப் பக்கத்து நாட்டு ராஜாவின் ஏரியைப் பார்த்துப் பறந்தன.

ராஜாவுக்கு வந்ததே கோபம்! தங்கப் பானையைக் கழற்றி வீசினார்.

"நாளைப் பொழுது சாய்வதற்குள் என் கையில் வாத்து வராவிட்டால், கரையை வெட்டி ஏரியை வடித்துவிடுங்கள்! வாத்து நடந்து வரட்டும், நான் பார்க்கிறேன்!"

சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குத் தூங்கப் போய்விட்டார். ஆணை தூங்குமா? முரசு அடித்தார்கள், ஓலை எழுதினார்கள், மண்வெட்டிக்காரர்களைக் கரையில் வரிசையாக நிறுத்தினார்கள். தாமரைப்பாடியில் அன்று யாரும் உலை வைக்கவில்லை. நெல் பால் பிடிக்கிற நேரம். தண்ணீர் போனால் பயிர் போகும், பயிர் போனால் ஊர் போகும்.

வாத்துகளுக்கு ரோஷம் கிடையாது. விடிந்ததும் திரும்பி வந்துவிட்டன.

சடைச்சி ராஜாவின் முன்னால் போய் நின்றாள். "இன்னைக்கு நான் சொல்றபடி கேக்கணும் சாமி. கிரீடத்தக் கழட்டணும். கட்டியக்காரரு வரக் கூடாது. வாயத் தொறக்கவே கூடாது."

அமைச்சருக்கு மயக்கம் வந்தது. ராஜாவுக்கோ வாத்து வந்தால் போதும். அமைச்சரையும் கட்டியக்காரனையும் கோரைப் புதருக்குப் பின்னால் முதுகு காட்டி நிற்கச் சொன்னாள். கிரீடம் அமைச்சர் கையில் இருந்தது. ராஜா கோவணத்தோடு, புகைபிடித்த ஒரு மண்பானையை மாட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினார். கொஞ்சம் தள்ளி இன்னொரு பானையாகச் சடைச்சி போனாள்.

உள்ளே இருட்டு. தன் மூச்சு தனக்கே கேட்டது. முன்னால் யாரும் கத்தவில்லை, பின்னால் யாரும் விசிறவில்லை. ஒரு வாத்து வந்து பானைமேல் உட்கார்ந்து எச்சம் போட்டது. பிறந்ததிலிருந்து யாரும் அவரை இவ்வளவு சாதாரணமாக நடத்தியதில்லை. ராஜாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவசரப்படவே தோன்றவில்லை. கரைக்கு எதிர்ப்பக்கம்வரை போய், பொழுது இறங்குகிற நேரத்தில், சடைச்சி தன் பானையை மெல்ல ஆட்டிக் காட்ட, ஒரு கொழுத்த வாத்தின் காலைப் பிடித்தார். பிடித்தே விட்டார்!

இதற்குள் இந்தப் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? காற்று வாக்கில் ஒரு வெறும் பானை மிதந்து வந்து கரை தட்டியது. சத்தம் கேட்டு அமைச்சர் திரும்பினார்.

"முதலில் கரை சேர்ந்திருக்கிறது. ராஜாவுக்கு முன்னால் வேறு யார் கரை சேர முடியும்? இவரே மகாராஜா!" என்று தரையில் விழுந்தார்.

"ஐயா, உடம்பு எங்கே?" என்றான் கட்டியக்காரன்.

"மகாராஜாவின் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்க நீ யார்?"

பானைக்குக் கிரீடம் வைத்தார்கள். பல்லக்கில் ஏற்றினார்கள். அமைச்சர் குனிந்து கேட்டார்: "பிரபோ, வாத்து கிடைத்ததா?" பானை பேசவில்லை. "கிடைக்கவில்லையா? அப்படியானால் கரையை வெட்டட்டுமா?" பானை மறுக்கவில்லை. "கோபத்தில் இருக்கிறார். வெட்டுங்கள்!"

முதல் மண்வெட்டி இறங்கியது.

எதிர்க்கரையிலிருந்து சடைச்சிதான் அதைப் பார்த்தாள். "அய்யோ, கரை போச்சு!" என்று ஓடினாள். பின்னால் ஒரு கையில் வாத்து, இன்னொரு கையில் பானையோடு ராஜாவும் ஓடினார். போவதற்குள் கால்வாசி வெட்டி, தண்ணீர் கசியத் தொடங்கியிருந்தது. சடைச்சி அந்த வெட்டில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "என்னையும் சேத்து வெட்டுங்கடா!"

"நிறுத்துங்கள்! நான்தான் ராஜா!" என்று கத்தினார் ராஜா.

யாரும் நிறுத்தவில்லை. ராஜாவின் குரல் யாருக்குத் தெரியும்? அவருக்காகக் கத்தியதெல்லாம் கட்டியக்காரன்தான்.

"என் முகத்தைப் பாருங்கள்!" என்றார். பார்த்தார்கள். ஈரமான ஒரு முகம் தெரிந்தது. ராஜாவைக் கண்டால் தலைகுனிய வேண்டும் என்பது சட்டம். அவர் முகத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. அமைச்சரும் கட்டியக்காரனுமோ பல்லக்கின் முன்னால் குனிந்த தலை நிமிரவில்லை.

"என் பட்டங்களைச் சொல்கிறேன்! புலிப்படை புறங்கண்ட... மலைகள் மண்டியிட்ட... அப்புறம்..." அப்புறம் என்னவென்று அவருக்கே தெரியவில்லை. என்றைக்கு அவர் அதைக் காதுகொடுத்துக் கேட்டார்?

"ராசா அந்தா பல்லக்குல இருக்காரு. நீ வாத்த வித்துட்டு வீடு போய்ச் சேருய்யா," என்றான் மண்வெட்டிக்காரன் ஒருவன்.

"இவருதாண்டா ராசா!" என்று அலறினாள் சடைச்சி.

"ஏரியக் காப்பாத்த நீ எதையும் சொல்லுவ."

தண்ணீர் சடைச்சியின் இடுப்பைச் சுற்றி வழிந்தது. அவள் ராஜாவைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த பானையைப் பார்த்தாள். "சாமி, போடுங்க!"

ராஜாவுக்குப் புரிந்தது. ஆனால் அது குறுகிய வாய்ப் பானை. ஒரு கையால் போட முடியாது. ராஜா வாத்தைப் பார்த்தார். அது அவர் பிடித்த ஒரே வாத்து. அது போனால், பிடித்ததற்கு வேறு சாட்சி இல்லை. பக்கத்து நாட்டு ராஜா நம்பமாட்டார். ராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கையை விட்டார். வாத்து ஒருமுறை அவர் காதோரம் இறக்கையால் அடித்துவிட்டுப் பறந்தது. ராஜா இரண்டு கையாலும் பானையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு முழங்கினார்: "கரையை மூடு!"

அவ்வளவுதான். மண்வெட்டிகள் கீழே விழுந்தன, ஆட்களும் விழுந்தார்கள். அமைச்சர் பல்லக்குப் பானையைப் பார்த்தார், பேசும் பானையைப் பார்த்தார். பேசும் பானைதான் பெரிய பானை என்று முடிவுசெய்து, "பிரபோ, தங்களுக்கு இரண்டு வடிவமா!" என்று உருகி விழுந்தார். மளமளவென்று மண்ணைப் போட்டு மிதித்துக் கரையை மூடினார்கள். கடைசிக் கூடை மண் விழுகிறவரை ராஜா பானையைக் கழற்றவில்லை. கழற்றினால் யார் கேட்பார்கள்?

எல்லோரும் போன பிறகு பானை கழன்று வர மாட்டேன் என்றது. சடைச்சி ஒரு கல்லை எடுத்து, பதமாகத் தட்டி உடைத்தாள். உள்ளே ராஜாவின் முகம் ஒரே கரியாக இருந்தது.

"நான் பிடித்ததை நீ பார்த்தாய், இல்லையா?"

"பாத்தேன் சாமி. நல்லாத்தான் புடிச்சீங்க," என்றாள் சடைச்சி. மண் அப்பிய தன் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஊரையும் வாத்தையும் ஒண்ணாப் புடிச்சிருக்க முடியாது."

ஆகையால் கேட்டவர்களே, கோபத்தில் ஓர் ஆணையை வீசுகிறவன், பிறகு தானே ஓடிவந்து தடுத்தாலும் அது நிற்காது என்பதை வீசுவதற்கு முன்பே நினைக்க வேண்டும்.