மணம் பிடித்து வந்த தபால்காரி

ஓர் ஊரிலே, மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து சற்று உட்கார்ந்துவிட்டுப் போகிற ஒரு மலையூரிலே, ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். போர்வைக்குள் காலை இழுத்துக்கொள், கண்ணு. கேட்கிறாயா?

ம்.

அவன் பெயர் நஞ்சப்பன். ஓடைக்கரையில் கேரட்டும் கிழங்கும் கழுவுவது அவன் வேலை. அவள் பெயர் சிட்டம்மாள். அந்த மலைக்கே அவள்தான் தபால்காரி. தினமும் கடிதப் பையோடு பள்ளத்து ஓரமாக ஒற்றையடிப் பாதையில் போவாள். வெயில் சாயும்போது திரும்புவாள். வந்து அடுப்பை மூட்டுவாள். நஞ்சப்பனுக்குக் காய் கழுவத் தெரியும், சமைக்கத் தெரியாது.

அப்புறம், ஒருநாள் மாலையில் மூடுபனி வந்தது. மெத்து மெத்தென்று, பூனை நடப்பதுபோல வந்தது. மரத்தை விழுங்கியது; ஓடையை விழுங்கியது; பாதையையும் விழுங்கியது. சிட்டம்மாள் இன்னும் வரவில்லை. ஓரடி தவறினால் பள்ளம்.

நஞ்சப்பன் வாசலில் நின்று, "சிட்டூ...!" என்று கூப்பிட்டான். நாலு பக்கத்து மலைகளும் "ட்டூ... ட்டூ... ட்டூ..." என்றன.

அப்போது பனிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "நாலு பக்கமும் நீயே கூப்பிட்டா நான் எந்தப் பக்கம் வர்றது மாமா?"

"நகராம உக்காரு! நான் வர்றேன்!"

"நீ வராதே! ரெண்டு பேரும் தொலைஞ்சா யாரு தேடுறது?"

அவள் குரலும் நாலு பக்கத்திலிருந்துதான் வந்தது. அவன் விளக்கை உயர்த்திக் காட்டினான். பனி அதை மடக்கென்று குடித்துவிட்டது.

"மாமா... குளிருது. பசிக்குது..."

அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. குரல் மலையில் முட்டித் திரும்பும். மணம் அப்படித் திரும்பாது. காற்றோ வீட்டிலிருந்து பள்ளத்துப் பக்கமாக வீசுகிறது. "அங்கேயே இரு சிட்டு! மோப்பம் பிடிச்சுட்டே இரு!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினான்.

ம்.

முதலில் தீயைக் கொழுந்துவிட எரியவிட்டான். தோசைக்கல்லைப் போட்டான். உருளை, பீட்ரூட், கேரட், காலிஃபிளவர், குடைமிளகாய், தக்காளி எல்லாவற்றையும் கைக்கு வந்தபடி நறுக்கி ஒரே வீச்சில் கொட்டினான். படபட! சடசட! தக்காளி கரியாயிற்று, உருளை கல்லாகவே கிடந்தது. வீடெல்லாம் புகை.

அப்போது பக்கத்து வீட்டு மாதம்மாள் குடத்தோடு ஓடிவந்தாள். "தீ! தீ!" சளார்! அடுப்பு அணைந்துவிட்டது.

"தீயில்லக்கா. சமையல்."

"இதைத் திங்கிறதுக்கு வீடே எரிஞ்சிருக்கலாம்டா, நஞ்சா!"

அப்புறம் அவன் மறுபடி அடுப்பை மூட்டினான். இந்த முறை தீயைத் தணித்தான். சின்னச் சட்டியில் காய்களைக் குவியலாக அடைத்து மூடி வைத்தான். புஸ்... புஸ்... காய்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வியர்த்து, கொழகொழவென்று ஆயின. மூடியைத் திறந்தான். மணமே இல்லை. வெறும் ஆவி மட்டும் சன்னல் வழியாக வெளியே போய்ப் பனியோடு சேர்ந்துகொண்டது.

"ஊர்ல இருக்கிற பனி பத்தலேன்னு நீ வேற காய்ச்சுறியா?" என்றாள் மாதம்மாள்.

வெளியே குரல் மெலிந்துவிட்டது. "மாமா... தூக்கம் வருது..."

"தூங்காதே சிட்டு! தூங்காதே!"

நீ தூங்கலாம், கண்ணு. குளிரில் உட்கார்ந்திருக்கிற அவள்தான் தூங்கக் கூடாது.

ம்...

மூன்றாவது முறை, நஞ்சப்பன் ஒரு பீட்ரூட்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான். ஓடைக்கரை நினைவு வந்தது. மண்ணுக்குள் கிடந்ததை நெடுநேரம் தேய்க்க வேண்டும். மண்ணுக்கு மேலே காய்த்ததை ஒரு முக்கு முக்கினால் போதும். தண்ணீரில் அப்படியென்றால், நெருப்பிலும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே அளவாக நறுக்கினான். எண்ணெய் தடவினான். தணலின்மேல் அகன்ற கல்லை வைத்து, பிள்ளைகளைப் பாயில் படுக்கவைப்பதுபோல, ஒன்றையொன்று இடிக்காமல் பரப்பினான். உருளையும் பீட்ரூட்டும் முதலில் படுத்தன. வெகுநேரம் கழித்துக் கேரட் படுத்தது. அப்புறம் காலிஃபிளவர். கடைசியில், போனால் போகிறதென்று, குடைமிளகாயும் தக்காளியும்.

"கிளறுடா!"

"வேண்டாம்க்கா. அதது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

சொய்ங்... சொய்ங்... ஓரங்கள் மெல்லப் பொன்னிறமாயின. கேரட்டின் இனிப்பு கிளம்பியது. குடைமிளகாயின் வாசம் எழுந்து, சோம்பல் முறித்து, சன்னலைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, பனிக்குள் மிதந்து மிதந்து போயிற்று.

பள்ளத்து ஓரத்தில் சிட்டம்மாளின் கண்கள் செருகிக்கொண்டிருந்தன. மூக்கு மட்டும் விழித்துக்கொண்டது. எழுந்தாள். இடப்பக்கம் திரும்பினாள், மணம் மெலிந்தது. வலப்பக்கம் திரும்பினாள், மணம் தடித்தது. காலால் தரையைத் தடவித் தடவி, ஓரடி வைத்தாள். மோந்தாள். இன்னோர் அடி வைத்தாள். மோந்தாள். மேகத்துக்குள்ளே, மேகம்போலவே, மெல்ல... மெல்ல... மெல்ல...

கிர்ர்ர் என்று கதவு திறந்தது.

"யாரு வீட்டு விருந்து இது?" என்றாள், பல் தந்தியடிக்க.

நஞ்சப்பன் ஓடிவந்து அவள் தோளிலிருந்த பையை வாங்கினான். அவளை அடுப்பருகே உட்காரவைத்து, தட்டை நீட்டினான். அவள் ஒரு துண்டை ஊதி ஊதி வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, உப்பே போடலையே?"

"உன் மூக்குக்குத்தானே சமைச்சேன்," என்றான் நஞ்சப்பன். "நாக்கு கூடவே வருமுன்னு யாருக்குத் தெரியும்?"

அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், உப்பைத் தூவினாள். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து தின்றார்கள்.

தட்டும் காலி, கதையும் காலி. தூங்கு, கண்ணு.