மன்னர் காது கேட்கும் தூரம்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்கு வேலை குறைவாகவும் யோசனை அதிகமாகவும் இருந்த காலத்தில், வீரகண்டன் என்றொரு மன்னன் இருந்தான். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. தன் ஐந்து வயது மகள் கோதையின் அறிவை அளந்து பார்க்க வேண்டும்.

கோதையின் அம்மா, அதாவது பட்டத்து ராணி, மலைநாட்டுப் பெண். அதனால் குழந்தை அப்பாவிடம் தமிழ் பேசும். அம்மாவிடமும் செவிலி நங்கையிடமும் மலைநாட்டுப் பேச்சு பேசும். மாலையில் விகடகவி சடையனிடம் இரண்டிலும் கதை அளக்கும். அந்தக் கதையளப்புதான் ஏகாம்பரப் புலவருக்கு வயிற்றெரிச்சல். இளவரசிக்கு ஆசிரியராகத் தம்மை விட்டால் யார் என்று இருந்தவர் அவர்.

புலவர் ஒரு தட்டு நிறையச் சாமான்களோடு சபைக்கு வந்தார். கூடவே கோதை வயதில் அவருடைய பேத்தி. பேத்தி வாள் முதல் வடிகட்டி வரை கடகடவென்று பெயர் சொன்னாள். கோதையும் வாள், குடை, கேடயம் எல்லாம் சரியாகச் சொன்னாள். கரண்டி, துடைப்பம், வடிகட்டி வந்தபோது நங்கையிடம் பழகிய மலைநாட்டுப் பெயர்களைச் சொன்னாள்.

"பிழை," என்றார் புலவர், ஒவ்வொன்றுக்கும்.

"கரண்டியின் பெயர் குழந்தைக்குத் தெரிகிறதே, புலவரே," என்றான் சடையன்.

"தமிழில் தெரியவில்லையே. மன்னா, ஒரே பானையில் இரண்டு அரிசியைப் போட்டால் இரண்டும் வேகாது. இந்தக் கோமாளியும் செவிலியும் சேர்ந்து இளவரசியின் நாவைக் கெடுத்துவிட்டார்கள்."

மன்னனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இனி என் காது கேட்கும் தூரத்தில், எவர் வாயிலிருந்தும் மலைநாட்டுப் பேச்சு ஒரு சொல்கூட வரக்கூடாது. குழந்தை வாயில் வந்தால் செவிலி அன்றே ஊர் போய்ச் சேரவேண்டியதுதான். சடையா, இதற்கு நீயே காவல்."

"உத்தரவு, மன்னா. ஒரு சொல்கூட வராது," என்றான் சடையன்.

அன்றோடு கோதையின் கதை நின்றது. "ஒரு ஊர்ல ஒரு நரி..." என்று ஆரம்பிப்பாள். அடுத்த சொல் எந்தப் பேச்சில் வந்து விழுமோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொள்வாள். நங்கையின் முந்தானையை மட்டும் விடவேமாட்டாள். அதைப் பார்க்கப் பார்க்கச் சடையனுக்கு நெஞ்சு எரிந்தது. மன்னன்மேல் கோபம், புலவர்மேல் அதைவிடக் கோபம். ஆனால் அரண்மனையில் விகடகவிக்குக் கோபப்படும் உரிமை கிடையாது, கீழ்ப்படியும் உரிமைதான் உண்டு. சரி, கீழ்ப்படிந்தே தீர்ப்போம் என்று யானைக் கொட்டடிக்குப் போனான்.

பட்டத்து யானை ராணியோடு சீதனமாக வந்தது. நட, நில், திரும்பு எல்லாம் அது மலைநாட்டுப் பேச்சில்தான் பழகியிருந்தது. பாகன் மாறனிடம் சடையன் மன்னனின் உத்தரவை அப்படியே ஒப்பித்துவிட்டு வந்தான்.

வசந்த விழா ஊர்வலம் வந்தது. மலைநாட்டுத் தூதர் உட்பட ஊரே கூடியிருந்தது. யானைக் கழுத்தில் மாறன், அம்பாரியில் மன்னன், அவனுக்குப் பின்னால் புலவர். வெயிலோ வெயில். பாதி வழி வரை பழக்கத்தில் நடந்த யானை குளத்தைப் பார்த்தது. அவ்வளவுதான், முகபடாமும் மணியுமாகத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

"நிறுத்தச் சொல்லடா," என்றான் மன்னன்.

மாறன் திருதிருவென்று கரையில் நின்ற சடையனைப் பார்த்தான்.

"அவன் எப்படிச் சொல்வான், மன்னா? தங்கள் காது அவனுக்குப் பின்னாலேயே அல்லவா இருக்கிறது," என்றான் சடையன்.

"நான் சொல்கிறேன்," என்ற புலவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "களிறே" என்று விளித்து ஒரு வெண்பாவை எடுத்துவிட்டார். யானை இரண்டு அடி வரை பொறுமையாகக் கேட்டது. பிறகு தும்பிக்கை நிறையச் சேற்றை அள்ளித் தன் முதுகில் அடித்துக்கொண்டது. முதுகில் ஆள் இருப்பது அதற்கு நினைவில்லை. புலவர் மன்னன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். சேறு வந்து விழுந்த வேகத்தில் மன்னனின் கிரீடம் மூக்குவரை இறங்கியது.

"யாராவது சொல்லித் தொலையுங்கள். உத்தரவை நீக்கிவிட்டேன்," என்று கத்தினான் மன்னன்.

மாறன் வாயைத் திறப்பதற்குள், கரையில் நங்கையோடு நின்ற கோதை குரல் கொடுத்தாள். தினமும் வெல்லம் ஊட்டுபவளின் குரல் யானைக்குத் தெரியாதா? மலைநாட்டுப் பேச்சில் இரண்டே சொல்தான். யானை நல்ல பிள்ளையாகக் கரையேறி மண்டியிட்டது.

சேறு வழியச் சபைக்கு வந்தும் புலவர் விடவில்லை. "யானையைக் கூப்பிட இரண்டு சொல் போதும், மன்னா. கோவையாகப் பேசச் சொல்லுங்கள், பார்ப்போம்."

"குளத்தில் நடந்ததையே இரண்டு குழந்தைகளும் சொல்லட்டுமே," என்றான் சடையன்.

பேத்தி அழகாகச் சொன்னாள். தாத்தா ஒளிந்ததைக்கூட விடவில்லை. சபை சிரித்தது. கோதை சொன்னபோது தும்பிக்கை என்ற சொல் அகப்படவில்லை. "அந்த நீட்டு மூக்கு இருக்குல்ல, அதாலதான் அள்ளிச்சு," என்று கையை ஆட்டிக் காட்டிவிட்டு மேலே போனாள். சபை அதே இடங்களில் சிரித்தது. பிறகு அவள் தூதர் பக்கம் திரும்பி, முழுக் கதையையும் மலைநாட்டுப் பேச்சில் முதலிலிருந்து சொன்னாள். தூதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் மன்னனுக்கு அதில் ஒரு சொல் புரியவில்லை. "எதற்கய்யா சிரிக்கிறார்?"

"தங்கள் கிரீடம் மூக்கில் இறங்கிய இடம், மன்னா," என்றான் சடையன். "எந்தப் பேச்சில் சொன்னாலும் சரியாக அங்கேதான் இறங்குகிறது. குழந்தை எதையும் மறக்கவில்லை."

மன்னன் ஒரு கணம் முறைத்தான். அப்புறம் காய்ந்த சேறு உதிர உதிரச் சிரித்தான். நங்கை இங்கேயே இருப்பாள் என்று அறிவித்து, தன் பட்டுச் சால்வையைச் சடையனுக்குப் போர்த்தினான். "துவைத்துக் கட்டிக்கொள்," என்றான். அந்தத் தட்டுச் சாமான்களுக்கெல்லாம் மலைநாட்டுப் பெயர் கற்கவேண்டும் என்று புலவருக்கு உத்தரவானது. ஆசிரியை கோதை. புலவர் இன்னும் கரண்டியைத் தாண்டவில்லை என்று கேள்வி.

அன்று மாலை கோதை நங்கையின் முந்தானையை விட்டாள். "ஒரு ஊர்ல ஒரு நரி" என்று ஆரம்பித்தவள், நரி திடீரென்று மலைநாட்டுப் பேச்சில் பேசத் தொடங்கியபோதும் நிறுத்தவில்லை.