வழி விடாத மயில்

அத்தை குழம்புக்குக் கேட்ட மொச்சையை உரித்துக்கொண்டேதான் இந்தக் கதையைச் சொல்லப்போகிறேன். கை அது பாட்டுக்கு உரிக்கும்; நீங்கள் காதை மட்டும் கொடுங்கள். உரித்ததை எடுத்து வாயில் போட்டீர்களென்றால் கதை அங்கேயே நின்றுவிடும், சொல்லிவிட்டேன்.

ஒரு காட்டில் கோல்ஃப் விளையாட்டு வந்து புகுந்துகொண்டது.

எப்படி என்றால், காட்டு வேலிக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் ஆடுவதை ஒரு குரங்கு மரத்தின் மேலிருந்து பார்த்துவிட்டது. தொலைந்துபோன பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து எல்லா மிருகங்களுக்கும் சொல்லிக்கொடுத்தது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. கையில் ஒரு குச்சி. தரையில் ஒரு பந்து. தூரத்தில் ஒரு குழி, குழியில் ஒரு கொடி. பந்தை அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழிக்குள் தள்ள வேண்டும். இப்படி ஒன்பது குழி. யார் குறைந்த அடியில் முடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி.

இதில் ஒரு சங்கடம் உண்டு. முன்னால் ஆடுகிறவர்கள் நகர்ந்து போகும் வரை பின்னால் வருகிறவர்கள் அடிக்கக் கூடாது. அடித்தால் பந்து யார் மண்டையிலாவது விழும். அதனால் முன்னால் போகிறவர்கள் மெதுவாக ஆடினால், அவர்களே ஓரமாக ஒதுங்கி, "நீங்க போங்க" என்று வழி விட வேண்டும். அது சட்டம் இல்லை, மரியாதை.

மழைக்காலம் நெருங்கியது. யானைத் தலைவர் எல்லாரையும் கூப்பிட்டார்.

"பாறைக்கு அடியில இருக்கிற பொந்து காலியா இருக்கு. முள்ளம்பன்றி குடும்பம் வேற இடம் போயிட்டாங்க. இன்னைக்கு ஆட்டத்துல யார் ஜெயிக்கிறாங்களோ, பொந்து அவங்களுக்கு. ஆனா சூரியன் மலைக்குப் பின்னால இறங்கறதுக்குள்ள ஒன்பது குழியையும் முடிச்சிருக்கணும். முடிக்காதவங்க கணக்குலயே இல்லை."

தாய்முயல் காதை நிமிர்த்திக்கொண்டது. அதன் வளை பள்ளத்தில் இருந்தது. ஒரு நல்ல மழை பெய்தால் போதும், உள்ளே தண்ணீர் வந்துவிடும். உள்ளே மூன்று குட்டிகள், பிறந்து சில நாள்தான் ஆகிறது. பாறைப் பொந்துக்குள் எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு இறங்காது.

முயல் நன்றாக ஆடும். ஆனால் வாய் திறந்து பேசக் கூச்சப்படும். அதோடு சேர்ந்து ஆட வந்தது ஆமை. ஆமைக்குப் பொந்து வேண்டாம். வீடு முதுகிலேயே இருக்கிறது. அதனிடம் இருந்தது கோபம் ஒன்றுதான். அது நிறையவே இருந்தது.

இன்னொரு கூட்டமும் ஆட வந்தது. மயில், கரடி, கொக்கு. கரடிக்குச் சாப்பாட்டு நினைப்பு. கொக்குக்கு நிதானம். மயிலுக்குப் பெருமை. மரத்தில் தூங்குகிற மயிலுக்குப் பொந்து எதற்கு என்று கேட்காதீர்கள். ஜெயித்தது நான்தான் என்று சொல்லிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"நாங்கதான் முதல்ல!" என்று மயில் முன்னால் வந்து நின்றுகொண்டது.

முயல் தள்ளி நின்றது.

மதியம் ஆட்டம் தொடங்கியது. மயில் பந்துக்கு முன்னால் நின்று தோகையை விரித்தது. வலப்பக்கம் திரும்பி யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தது. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தது. குச்சியைக் காற்றில் ஒரு வீசு வீசியது. இன்னொரு வீசு. இன்னும் ஒன்று.

"இப்ப அடிச்சிடும்," என்றது முயல் மெதுவாக.

மயில் தோகையை மடக்கியது. "வெயில் கண்ணுல படுது. திரும்ப முதல்லேர்ந்து," என்றது.

"ஐயோ, என்னைப் பெத்தவளே!" என்று ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

ஒருவழியாக மயில் அடித்தது. அடுத்து கரடி அடித்தது. பந்து புதருக்குள் போயிற்று. கரடி தேடப் போயிற்று. புதருக்குப் பின்னால் ஒரு கரையான் புற்று இருந்தது.

"பந்து கிடைச்சுதா கரடியண்ணே?" என்று கொக்கு கேட்டது.

"தேடிக்கிட்டே இருக்கேன்," என்றது கரடி. வாய் நிறைய கரையான். பந்தோ அதன் காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

சரி, குழிப் பக்கமாவது சீக்கிரம் போனார்களா? அங்கே கொக்கின் முறை. குழி ஒரு எட்டு தூரத்தில்தான். உங்கள் தம்பிப் பாப்பா கூட உருட்டிவிட்டுவிடும். கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. பந்தைப் பார்த்தது. குழியைப் பார்த்தது. சுற்றிப் போய்க் குழிக்கு அந்தப் பக்கம் நின்று பந்தைப் பார்த்தது. திரும்ப வந்து ஒற்றைக் காலில் நின்றது.

"அடிங்களேன், கொக்கண்ணே!" என்று ஆமை தூரத்திலிருந்து கத்தியது.

"காத்து நிக்கட்டும்," என்றது கொக்கு.

"காத்து நிக்கும். சூரியன் நிக்குமா?"

கொக்கு காதில் வாங்கவில்லை. வெகுநேரம் கழித்துத் தட்டியது. பந்து குழிக்குள் விழுந்தது. அப்பாடா என்று முயல் குச்சியைக் கையில் எடுத்தது. ஆனால் மூன்றும் நகரவில்லை! கொடிக்குப் பக்கத்திலேயே நின்று, அந்த அடி எப்படிப் போயிற்று, எப்படி வளைந்தது, எப்படி விழுந்தது என்று பேச ஆரம்பித்துவிட்டன.

"இந்தக் குழியிலேயே குடியேறி ரேஷன் கார்டும் வாங்கிடுவாங்க போல," என்றது ஆமை. "முயலம்மா, நான் அடிச்சிடவா? கரடி மண்டை கெட்டிதான். ஒன்னும் ஆகாது."

"வேண்டாம் அக்கா, வேண்டாம்," என்று முயல் பதறியது.

இரண்டாவது குழியிலும் இதே கதை. மூன்றாவது குழியிலும் இதே கதை. மயில் தோகை விரிக்கும். கரடி தேடப் போகும். கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். இவர்களுக்கு முன்னால் ஓர் ஆள் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை வெறும் புல்வெளி. பின்னால் மட்டும் இரண்டு பேர் காத்துக்காத்துக் கால் மரத்து நின்றார்கள்.

"போய்க் கேளு," என்றது ஆமை.

"எனக்கு வெக்கமா இருக்கு அக்கா. கோவிச்சுக்குவாங்க."

"குட்டிகளுக்குத் தண்ணியில நீந்தத் தெரியுமா?"

முயல் குடுகுடுவென்று ஓடிப் போய் மயிலின் முன்னால் நின்றது. காது இரண்டும் கீழே தொங்கின.

"மயிலண்ணே... தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்கு முன்னால காலியாத்தான் இருக்கு. எங்களைக் கொஞ்சம் முன்னால விட்டீங்கன்னா..."

மயில் கழுத்தை நிமிர்த்தியது. "முன்னால விடுறதா? இப்ப முன்னால இருக்கிறது யாரு?"

"நீங்கதான்."

"பின்னால இருக்கிறது?"

"நாங்க."

"அப்போ ஜெயிச்சுக்கிட்டு இருக்கிறது யாரு? முன்னால இருக்கிற நான் உன்னை முன்னால விட்டுட்டு, பின்னால போய் நிக்கணுமாக்கும்! நல்லா இருக்கே நியாயம்."

இதற்குள் ஆமை மெல்ல மெல்ல நடந்து வந்து சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்துக் கரடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆமையைக் கூட்டிக்கிட்டு வந்து எங்களை வேகமா ஆடச் சொல்றியா முயலு?"

"நான் நடக்கத்தான் நேரமாகும்," என்றது ஆமை. "எங்கே அடிக்கணும், எப்படி அடிக்கணும்னு நடந்துக்கிட்டே யோசிச்சிடுவேன். போய்ச் சேர்ந்ததும் அடிச்சிடுவேன். நீங்க போய்ச் சேர்ந்த பிறகுதான் யோசிக்கவே ஆரம்பிக்கிறீங்க!"

"சும்மா சத்தம் போடாதீங்க," என்றது கொக்கு. "நான் அடிக்கப்போறேன். இன்னும் கொஞ்ச நேரத்துல."

முயலும் ஆமையும் திரும்பி வந்தார்கள்.

நான்காவது குழி, ஐந்தாவது குழி. வானத்தில் கறுப்பு மேகம் ஏறியது. மேகத்தைப் பார்த்த முயலுக்குக் குட்டிகள் நினைப்பு வந்தது. அதே மேகத்தைப் பார்த்த மயிலுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? ஆட்டம் வந்துவிட்டது! முன்பு அடிக்கும்போது மட்டும்தான் தோகையை விரித்தது. இப்போது அடித்த பிறகும் விரித்தது, நடக்கும்போதும் விரித்தது. ஒரு எட்டு வைக்கும், ஒரு சுற்றுச் சுற்றும். கரடி கைதட்டும். கொக்கு தலையாட்டும்.

ஆறாவது குழிக்கு வந்தபோது சூரியன் மலையின் தலைக்கு மேலே கொஞ்சம்தான் இருந்தது. இன்னும் நான்கு குழி பாக்கி.

"போச்சு," என்றது ஆமை. "எல்லாம் போச்சு. நான் போய் அந்தத் தோகையைப் பிடிச்சு ஒரு கடி கடிச்சுட்டு வரேன்."

முயல் மயிலையே பார்த்துக்கொண்டு நின்றது. மயில் அந்தப் பக்கம் பார்த்துத் தோகையை விரித்திருந்தது. பின்னால் நின்ற முயலுக்குத் தெரிந்தது பழுப்பு நிறச் சிறகும் குச்சி குச்சியான காம்புகளும்தான்.

முயல் மறுபடி ஓடியது. இந்த முறை காதைத் தொங்கவிடவில்லை.

"மயிலண்ணே, ஒன்னு சொல்லலாமா?"

"வழி கேட்டா கிடையாது."

"வழி கேக்கலை அண்ணே. மத்தியானத்துலேர்ந்து உங்க பின்னாலயே நிக்கிறோம். தோகையை விரிச்சு விரிச்சு ஆடறீங்க. ஆனா எங்களுக்குத் தெரியறது முதுகுப் பக்கம்தான். வெறும் காம்பு. ஈர்க்குமாறு மாதிரி இருக்கு."

மயிலின் கொண்டை விறைத்தது. "ஈர்க்குமாறா!"

"முன்பக்கம் எப்படி இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. நாங்க பாக்கவே இல்லையே. இந்த மேகத்துக்குக் கீழே பச்சையும் நீலமுமா எப்படி மின்னும்! நீங்க எங்க முன்னால இருக்கிற வரைக்கும் அதைப் பாக்கற கொடுப்பினை எங்களுக்குக் கிடையாது. போகட்டும்." முயல் திரும்பி நடக்கப் பார்த்தது.

"நில்லு, நில்லு!" மயில் கத்தியது. "ஈர்க்குமாறுன்னு நினைச்சுக்கிட்டா வீட்டுக்குப் போவே? கரடி, ஓரமா வா. கொக்கே, காலை எடு. இவங்க ரெண்டு பேரும் முன்னால போகட்டும். முன்னால போய்த் திரும்பிப் பாருங்க. நல்லா பாருங்க!"

"சரிங்க அண்ணே," என்றது முயல்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல நேரமே ஆகாது. முயல் அடித்தது. ஆமை அடித்தது. இரண்டும் நடந்தன. போய்ச் சேர்ந்ததும் அடித்தன. பந்து குழிக்குள் விழுந்ததும் எடுத்துக்கொண்டு நகர்ந்தன. ஏழாவது குழியில் முயல் ஒரே ஒரு முறை திரும்பி மயிலைப் பார்த்தது. நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. நின்று பார்க்கத்தான் நேரம் இல்லை.

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணே!" என்று கத்திவிட்டு ஓடியது.

சூரியன் பாதி முழுகியிருந்தபோது முயலின் கடைசிப் பந்து ஒன்பதாவது குழிக்குள் டொக்கென்று விழுந்தது. பின்னாலேயே ஆமையின் பந்தும் விழுந்தது. அடிக் கணக்கில் முயலுக்குத்தான் குறைச்சல் என்று யானைத் தலைவர் தும்பிக்கையைத் தூக்கினார்.

மயில் எங்கே? ஏழாவது குழியில்தான் இருந்தது. முன்னால் பார்க்க ஆள் இருக்கிறது என்று நினைத்து, தோகையை விரித்தபடியே நின்றது. கரடி பந்தைத் தேடிக்கொண்டிருந்தது. கொக்கு காற்று நிற்பதற்காகக் காத்திருந்தது. வெளிச்சம் போய்விட்டது.

தட்டுத்தடுமாறி மூன்றும் வந்து சேர்ந்தபோது மயில் ஒரே ரகளை பண்ணியது.

"செல்லாது தலைவரே! நான் முயலைவிட நாலு அடி குறைச்சல்!"

"எத்தனை குழிக்கு?" என்று யானை கேட்டார்.

"ஆறு... ஆறரை."

"குழி ஒன்பது."

"இவங்க நடுவுல புகுந்து முன்னால போனதாலதான் எங்களுக்கு நேரமாச்சு!"

"அவங்க போனதுக்கப்புறம் உங்களுக்கு முன்னால யாராவது இருந்தாங்களா?"

"யாருமே இல்லை. பாக்கக் கூட ஒருத்தர் இல்லை!" என்று மயில் வாய்விட்டுச் சொல்லிவிட்டது.

யானை பெருமூச்சு விட்டார். "மத்தியானத்துலேர்ந்து உங்க முன்னால வெத்து நிலம். அந்த அம்மா முன்னால நீங்க. அவங்க குட்டிங்க மேல மேகம். உங்களுக்குப் பின்னால யார் நிக்கிறாங்கன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாராவது திரும்பிப் பாத்தீங்களா?"

கரடி தரையைப் பார்த்தது. கொக்கு காலை மாற்றி நின்றது.

மழையின் முதல் சொட்டு யானையின் முதுகில் விழுந்தது. முயல் அங்கே இல்லை. பள்ளத்து வளைக்கும் பாறைப் பொந்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் ஒரு குட்டி. திரும்ப ஓடி இன்னொரு குட்டி. மூன்றாவது குட்டியைக் கொண்டுவந்து போட்டபோது மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. பொந்துக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. வாசலில் ஆமை உட்கார்ந்து, "இன்னும் அந்தக் கொக்கு அடிச்சிருக்காது, பாரேன்," என்று திட்டிக்கொண்டே இருந்தது.

நீதி: நம்முடைய நேரத்தை நாம் எப்படி வேண்டுமானாலும் செலவு பண்ணலாம், பின்னால் காத்து நிற்கிறவர்களின் நேரத்தை எடுத்துச் செலவு பண்ணக் கூடாது. ஒருவர் காத்து நிற்கிறார் என்று தெரிந்தால், உடனே நாம்... மொச்சைதானே, இதோ வந்துட்டேன் அத்தே!