சேர்த்து வைத்த மூச்சு

வீடுகளுக்குத் தரும் திரவ ஆக்சிஜன் கலன்களைப் பழுதுபார்ப்பதில் தில்ஷாத் கெட்டிக்காரி. அவளிடம் வேலை பழக வந்தவர் லூர்துராஜ். குருவைவிடச் சிஷ்யருக்குப் பத்து வயது அதிகம். அதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் மத்தியானம் லூர்துராஜ் சோர்ந்துபோய் வந்தார். பொன்மலையில் சிங்காரம் வீட்டுக் கலன் ஓயாமல் சீறுகிறதாம். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தும் கசிவு இல்லை. வால்வைக்கூட மாற்றிவிட்டார். நுரையீரல் கெட்டுப்போன அந்த மனுஷரோ உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருக்கிறாராம்.

"எனக்குப் பயமா இருக்கு மேடம்" என்றார்.

உடனே இருவரும் கிளம்பினார்கள். தில்ஷாத் தன் கருவிப் பையைத் திறக்கவே இல்லை. சிங்காரத்தின் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அளவுக் குமிழைப் பார்த்தாள். நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் என்று டாக்டர் வைக்கச் சொன்னது அரையில் இருந்தது. முன்பு வந்தபோது அதைச் சிஷ்யர் கவனிக்கவே இல்லை.

"யாருங்கய்யா இதைக் குறைச்சது?"

"நான்தாம்மா." சிங்காரம் மூச்சு வாங்கிக்கொண்டார். "சம்சாரம் அங்கன்வாடியிலேர்ந்து... சாயங்காலம்தான் வருவா. அவகூட நாலு வார்த்தை பேசணும். அதுக்குச் சேத்து வைக்கிறேன்."

 தில்ஷாத் குமிழை இரண்டுக்குத் திருப்பிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கலனின் சீறல் தணிந்து நின்றது. அவர் உதட்டிலும் நிறம் திரும்பியது.

"இது சேத்து வைக்கிற சரக்கு இல்லங்கய்யா. நீங்க எடுக்கலேன்னாலும் ஆவியாகி வெளியே போயிடும். இத்தனை நாளும் சீறுனது அதுதான்."

சிங்காரம் கலனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது.

அவர் மனைவி கோமளம் வந்து சேர்ந்தபோது குருவும் சிஷ்யரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கைப்பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் சிங்காரம் அவளிடம் பேச ஆரம்பித்துவிட்டார். காலையில் ஜன்னலில் வந்து உட்கார்ந்த மைனாவைப் பற்றி ஏதோ சொன்னார். நடுவில் சிரிக்கவும் செய்தார்.

லூர்துராஜ் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இப்படியே ரெண்டுல வச்சுப் பேசி, கலன் சீக்கிரம் காலியாயிட்டா?"

"நிரப்புறது நம்ம வேலை அண்ணே" என்றாள் தில்ஷாத். "பேசுறது அவரு வேலை."