துருப் பாடம்

கருவேலம்பட்டி தொடக்கப் பள்ளியில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்து, நாலாம் வகுப்புப் பூங்கோதைக்கு ஒரு கண் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து அதே அறையில் புது ஸ்மார்ட் போர்டு மாட்டினார்கள். திறந்துவைக்கக் கலெக்டர் வருகிறார் என்றதும், கல்வி அலுவலர் நாகலிங்கம் தற்காலிக ஆசிரியை குணவதியைக் கூப்பிட்டார். கட்டடம் நன்றாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டவர் நாகலிங்கம்தான்.

“போர்டுல பிரமாதமா ஒரு பாடம் நடத்தணும். கட்டடத்தைப் பத்தி உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துச்சு, வேலை போயிடும்.”

“வராதுங்க சார். அறிவியல் பாடம் மட்டும்தான்.”

மறுநாள் கலெக்டரும் நாகலிங்கமும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். குணவதி தன் செல்போனைப் போர்டோடு இணைத்து, கேமராவை மேலே திருப்பினாள். செதில் செதிலாக உரிந்த கம்பி ஒன்று திரை முழுக்கத் தெரிந்தது.

“இது என்ன பிள்ளைங்களா?”

“துரு, டீச்சர்!”

“இரும்பு துருப்பிடிச்சா என்ன ஆகும்?”

“உப்பும். காரையைப் பேத்துத் தள்ளும்.”

“இந்தக் கம்பி எங்க இருக்கு?”

பிள்ளைகள் எல்லோரும் நாகலிங்கத்தின் தலைக்கு மேலே கை காட்டினார்கள். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினார்.

“நல்லா இருக்குன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? அப்புறம் ஏன் ஓடுறீங்க?” என்று கேட்டார் கலெக்டர்.

மதியத்துக்குள் அறைக்குப் பூட்டு விழுந்தது. நாகலிங்கத்தைச் சஸ்பெண்ட் செய்தார்கள்.

சாயங்காலம் குணவதி இதைச் சொல்லப் பூங்கோதையின் வீட்டுக்குப் போனாள். மகளின் கண் கட்டை மாற்றிக்கொண்டே அம்மாக்காரி முழுவதையும் கேட்டாள்.

“போன மாசமே இந்தப் பாடத்தை நடத்தியிருக்கக் கூடாதா, டீச்சர்?”