சன்னாசி வீட்டுச் சூட்டுப் பெட்டி

கொடைக்கானலுக்கும் மேலே, மேகம் வந்து வீட்டுக்குள் துணி காயப்போடும் உயரத்தில் பனிக்குறிச்சி இருக்கிறது. அங்கே அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவன் வீரணன், நடுவன் சன்னாசி, கடைசி மொக்கையன். மூன்று பேருக்கும் சேர்த்துக் கொஞ்சம் அறிவு இருந்தது. அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் மூவருக்கும் குழப்பம்.

சன்னாசிக்கு முப்பத்தாறு வயது. பெயருக்கு ஏற்ற மாதிரியே நாள் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவழியாகச் சின்னமனூரில் பவளக்கொடி என்ற பெண் அமைந்தாள். அவளுடைய அப்பா கூடலிங்கம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எம் பொண்ணு வெயில்லயே வளந்தவ. உங்க வீடு கதகதன்னு இருக்கணும். வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன். குளிருச்சுன்னா தட்டு மாத்த மாட்டேன்."

அன்றிலிருந்து சன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை. டவுனுக்குப் போய், வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் ஒன்றை வாங்கி வந்தான். மெக்கானிக் சகாயம் ஒரு பெட்டியைக் கூடத்துச் சுவரிலும் இன்னொன்றை வெளிச் சுவரிலும் மாட்டி, இரண்டையும் செம்புக் குழாயால் இணைத்தார். பிறகு மீட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சார்ஜ் கம்மியா இருக்கு. நாளைக்கு வந்து போடுறேன். அதுவரைக்கும் ஓட்டாதீங்க."

அவர் போனதும் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"சார்ஜ் போட அவரு எதுக்கு மெனக்கெட்டு மலையேறி வரணும்? நம்மகிட்ட சார்ஜர் இருக்கே" என்றான் சன்னாசி.

"தடிப் பின்னா, ஒல்லிப் பின்னா?" என்று கேட்டான் மொக்கையன்.

"ஆளு புதுசு. ஒல்லியிலயே ஆரம்பிப்போம்" என்றான் வீரணன்.

மறுநாள் சகாயம் வந்து பார்த்தபோது, செம்புக் குழாயில் ரப்பர் பேண்டு போட்டு செல்போன் சார்ஜரைக் கட்டியிருந்தார்கள்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து போட்டிருக்கோம். இன்னும் ஒரு கோடுகூட ஏறல" என்று சன்னாசி குறைப்பட்டுக்கொண்டான்.

"அந்த சார்ஜ் இல்லய்யா. இதுக்கு கேஸ் ஏத்தணும்."

தம்பிகள் இருவரும் திரும்பி அண்ணனைப் பார்த்தார்கள். வீரணன் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டான்.

"காலையில மொச்சைதான் சாப்பிட்டேன். தம்பி கல்யாணத்துக்குன்னு கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

சகாயம் பையைத் திறந்தார். தான் கொண்டுவந்த சிலிண்டரைத் தராசில் வைத்து, கிராம் கணக்கு பார்த்து கேஸை ஏற்றினார். பெட்டி முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது. கிளம்பும்போது மூன்று விஷயம் சொன்னார்.

"இது வெளிய இருக்கிற சூட்டை இழுத்து உள்ள விடும், அதனால வெளிப் பெட்டியை அடைச்சு எதையும் வைக்காதீங்க. கதவைத் திறக்காதீங்க, சூடு போயிரும். ரிமோட்டுல சூரியன் படம் இருந்தா சூடு, பனிப்பூ படம் இருந்தா குளிர்."

சன்னாசி வெளியே வந்து நின்றான். வாயைத் திறந்தால் புகை வந்தது.

"அண்ணே, வெளிய எங்கண்ணே சூடு இருக்கு? இது எதை இழுக்கும்?"

வீரணனும் யோசித்தான். "பாவம்டா. ஒண்ணுமில்லாத வீட்டு வாசல்ல நின்னு அரிசி கேக்குற கதையால்ல இருக்கு."

"அப்ப நாமதான் சூட்டை வெளிய வைக்கணும்" என்றான் மொக்கையன்.

வீட்டிலிருந்த அடுப்பு, வெந்நீர் அண்டா எல்லாம் வாசலுக்குப் போயின. யூகலிப்டஸ் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டினார்கள். அடைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், நான்கு முழம் தள்ளியே மூட்டினார்கள். சொன்ன சொல்லை மீறுகிற ஆட்கள் இல்லை.

வெள்ளிக்கிழமை மூவரும் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, கதகதப்பாக உட்கார்ந்திருந்தார்கள். கூடலிங்கம் பனியில் நனைந்து வந்து கதவைத் தட்டினார்.

"வாங்க மாமா, வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்று சன்னாசி கதவின் உள்பக்கமிருந்து உபசரித்தான்.

"கதவைத் திறங்க மாப்பிள்ளை."

"திறந்தா சூடு போயிரும் மாமா. உங்களுக்காகத்தான் காலையிலேருந்து சேத்து வச்சிருக்கோம்."

கூடலிங்கத்துக்குக் குளிரில் பல் கிட்டியது. போய்த் தீயோரம் உட்கார்ந்துகொண்டார். சன்னாசி ஜன்னல் வழியாக அவரையே பார்த்தான். அவர் சால்வையை எடுத்துக் கீழே வைத்தார். சட்டையைக் கழற்றினார். துண்டால் விசிறிக்கொண்டார். பெட்டிக்கு வைத்த சூட்டை அவரே வாங்கிவிட்டால் வீடு குளிருமே; கல்யாணம் கைநழுவிப் போவது சன்னாசிக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

கடைசியில் அவர் வியர்த்து வழிய ஜன்னலுக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, வெளியவே இந்தச் சூடுன்னா உள்ள எம்புட்டு இருக்கும்? எம் பொண்ணு வெந்து போவாளே."

சன்னாசி இதை யோசிக்கவே இல்லை. அண்ணனும் தம்பியும் நெருங்கி உட்கார்ந்து குசுகுசுத்தார்கள். மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று முடிவானது. சன்னாசி ரிமோட்டை எடுத்துப் பனிப்பூ வரும்வரை அழுத்தினான். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தார்கள்.

கூடலிங்கம் உள்ளே வந்தார். சட்டையைப் போட்டார், சால்வையைப் போர்த்தினார், சன்னாசியின் போர்வையையும் வாங்கிச் சுற்றிக்கொண்டார்.

"இ... இதுதான் ச... சரி" என்றார். தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாணம் முடிந்து பவளக்கொடி வலது காலை எடுத்து வைத்து வந்தாள். கூடத்தில் நடந்தவள் பெட்டியின் கீழே சட்டென்று நின்றாள். ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது. கையைத் தூக்கி, அதிர்ந்துகொண்டிருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.  வந்த காலோடு திரும்பிவிடுவாளோ என்று சன்னாசி பயந்தான்.

"எத்தனை நாளா இப்படி நடுங்குது?" என்று கேட்டாள்.

"உங்க அப்பா வந்துட்டுப் போனதுல இருந்து."

"மூச்சே ஜில்லுன்னு வருதுங்க. ஜன்னி கண்டிருக்கு. ஒரு மருந்தும் குடுக்காம வச்சிருக்கீங்களே."

சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தாறு வருஷம் காத்திருந்தது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

பவளக்கொடி பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகி, வாசல் அடுப்பில் சுக்குக் கஷாயம் போட்டுக் கொண்டுவந்தாள். "இதுக்கு வாய் எது?" என்றாள். காற்று வரும் இடத்தில் தகடு மேலும் கீழும் அசைவதைக் காட்டி, "அந்தா, திறந்து திறந்து மூடுது" என்றான் மொக்கையன். வீரணன் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, அவள் மேலே ஏறினாள். கஷாயம் கொதித்தது. நாக்கு வெந்துவிடுமே என்று பெட்டியின் காற்றிலேயே பிடித்து ஆற்றினாள். ஆறியதும் தொட்டுப் பார்த்தாள்.

"ஆறின கஷாயம் ஜன்னிக்கு ஆகாது" என்று சொல்லி, இறங்கிப் போய்ச் சுட வைத்துக் கொண்டுவந்தாள். ரொம்பச் சூடாக இருந்தது. மறுபடி ஸ்டூலில் ஏறி ஆற்றினாள்.

நாலு நடைக்குப் பிறகு சன்னாசி, "நீ உக்காரும்மா, அடுத்த நடை நான் போறேன்" என்று டம்ளரை வாங்கிக்கொண்டான்.